ஓவிஏ எடுப்பதற்கு முன் விஎம்மைத் துடைத்துவிடுங்கள்

உபுண்டு சர்வர் ஓடும் ஒரு விஎம்மில் (விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒரு அப்ளிகேஷனை நிறுவி, செட்டிங் எல்லாம் சரிபண்ணி, அதை அப்படியே ஒரே கோப்பாக மற்றவர்களுக்குக் கொடுக்க ஓவிஏ நல்ல வழி. இது வெறும் டார் கோப்புதான். பிரித்துப் பார்த்தால் மெஷினின் விவரம் எழுதிய ஓவிஎஃப், விஎம்டிகே டிஸ்க், இவற்றின் ஹாஷ் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் குறியீடு) உள்ள மேனிஃபெஸ்ட் ஆகியவை இருக்கும்.

எக்ஸ்போர்ட் செய்வது நாலு கிளிக்தான், உண்மையான வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. முதலில் மெஷின் ஐடி, அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக ஒரு கோப்பில் இருக்கும் அடையாள எண். இதை அப்படியே விட்டால் எல்லா நகல்களுக்கும் ஒரே ஐடி போகும், உபுண்டு டிஹெச்சிபி (நெட்வொர்க்கில் ஐபி முகவரி வழங்கும் முறை) மூலம் ஐபி கேட்கும்போது இதை வைத்துத்தான் தன்னை அடையாளம் சொல்கிறது என்பதால், நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி வேறாக இருந்தாலும் இரண்டு விஎம்முக்கு ஒரே ஐபி கிடைத்துவிடும். அந்த மெஷின் ஐடி கோப்பை அழிக்காமல், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள், அடுத்த பூட்டில் புதிதாக உருவாகும். அப்புறம் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) ஹோஸ்ட் கீகள், அதாவது சர்வரின் அடையாளச் சாவிகள். இவற்றைக் கட்டாயம் நீக்க வேண்டும், ஆனால் நீக்கினால் தானாகத் திரும்ப வரும் என்று நம்பாதீர்கள். முதல் பூட்டில் புது கீ உருவாக்க ஒரு சிறிய சிஸ்டம்டி சர்வீஸ் எழுதி வையுங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் எழும்பாது. பாஸ்வேர்டு, ஷெல் ஹிஸ்டரி, லாக் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள்.

நெட்வொர்க் கார்டின் பெயர், விஎம்மை ஓட்டும் மென்பொருளைப் பொறுத்து மாறும்: விர்ச்சுவல்பாக்ஸில் ஒன்று, விஎம்வேரில் இன்னொன்று. உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங்கான நெட்பிளானில் முழுப் பெயரை எழுதாமல், 'ஈஎன்' என்று தொடங்கும் எதுவும் பொருந்தும்படி எழுதுங்கள். டிஸ்க்கின் காலி இடத்தைப் பூஜ்யங்கள் மட்டுமே உள்ள ஒரு கோப்பால் நிரப்பி, அந்தக் கோப்பை அழித்துவிட்டால் ஓவிஏ நன்றாகச் சுருங்கும்.

பிறகு விஎம்மை அணைத்து, விர்ச்சுவல்பாக்ஸின் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுங்கள். மேக் முகவரிகளை நீக்கும் தேர்வு அங்கேயே இருக்கும்.

இதையே விஎம்வேரின் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயில் ஏற்றினால் 'விர்ச்சுவல்பாக்ஸ்-2.2' என்ற ஹார்டுவேர் தெரியாது என்று நிராகரிக்கக்கூடும். ஓவிஏவைப் பிரித்து, ஓவிஎஃப்பில் அந்த வரியை 'விஎம்எக்ஸ்-10' என்று மாற்றுங்கள். மாற்றியதும் மேனிஃபெஸ்ட் ஹாஷ் பொருந்தாது, அதையும் புதிதாகக் கணக்கிட்டு எழுத வேண்டும். திரும்ப டார் போடும்போது ஓவிஎஃப் முதலில் இருக்கட்டும்.

யாருக்கும் அனுப்புவதற்கு முன் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு நகல்களை ஏற்றி, சேர்ந்தே ஓடவிடுங்கள். ஐபியும் எஸ்எஸ்ஹெச் ஃபிங்கர்பிரிண்டும் வெவ்வேறாக இருந்தால் சரி, அனுப்பலாம்.