வால்யூம் குமிழுக்கு ஒரு பொட்டு: வீட்டு ஒலிக்கருவிகளைக் காதுக்குக் கேடில்லாமல் கையாளும் முறை

மதுரை செல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்திலுள்ள ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில், கடிகாரத்தில் பத்து மணிக்குச் சின்ன முள் நிற்குமே, ஏறத்தாழ அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஆயுத பூஜைக்கு வைத்து எடுக்க மறந்த பொட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஓர் எல்லைக்கல். குமிழின் கோடு அந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால்தான் கேட்கிறது என்றால் குமிழை விட்டுவிட்டு வீட்டில் வேறு எது சத்தம் போடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பொட்டு வைக்கும் முறையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன. இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, மோட்டாரும் மிக்ஸியும் ஓடாத நேரத்தில், ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். பாட்டைப் போடாமல் செய்தியையோ பட்டிமன்றத்தையோ ஓட விடுங்கள். பேச்சில்தான் தெளிவு தெரியும். குமிழைச் சுழியத்திலிருந்து மெல்லத் திருப்பி, ஒவ்வொரு சொல்லும் சிரமமில்லாமல் விளங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து, ஒரு கை நீட்டும் தூரத்தில் வீட்டார் ஒருவரை உட்கார வைத்துச் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். குரலை உயர்த்தாமல் பேச முடிந்தால் அந்த அளவு சரி. அந்த இடத்தில் பொட்டை ஒட்டலாம். ப்ளூடூத்தில் கேட்பவர்கள் செல்பேசியின் ஒலியளவையும் ஒரே நிலையில் வைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் பொட்டுக்குப் பொருளே இல்லை. டிவி, பென் டிரைவ், செல்பேசி மூன்றும் வெவ்வேறு வலுவில் ஒலியை அனுப்புகின்றன என்பதால், எங்கள் வீட்டில் டிவிக்கென்று பச்சை நிறத்தில் இரண்டாவது பொட்டும் உண்டு.

இரவில்தான் அளக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பகலில் தெருவில் போகிற ஷேர் ஆட்டோ, பக்கத்துத் தெருவின் தறிச் சத்தம், தலைக்கு மேலே ஐந்தில் சுற்றுகிற ஃபேன் ஆகிய எல்லாவற்றையும் வென்று கேட்பதற்காகக் குமிழைக் கொஞ்சம் திருப்புகிறோம். சமையலறையில் மிக்ஸி ஓடினால் இன்னும் கொஞ்சம். மிக்ஸி நின்ற பிறகு குமிழைத் திரும்பக் குறைப்பவரை நான் பார்த்ததில்லை. அரைமணி நேரத்தில் காது அந்தப் புது அளவுக்குப் பழகிவிடுகிறது, அதுவே நாளைக்குத் தொடங்கும் அளவாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே கேட்கவில்லை என்று தோன்றும்போது செய்ய வேண்டியது தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துவது, ஃபேனை ஒரு புள்ளி குறைப்பது, மிக்ஸி நிற்கும்வரை படத்தை நிறுத்திவைப்பது, அல்லது நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகில் உட்காருவது. வெட்டவெளியில் தூரத்தைப் பாதியாக்கினால் ஒலி 6 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) கூடிக் கேட்கும். அறைக்குள் அவ்வளவு கூடாவிட்டாலும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

காது அந்தந்த நேரத்துச் சத்தத்தை மட்டும் கணக்கில் வைப்பதில்லை. அளவையும் நேரத்தையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு போகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல், குழந்தைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83-இல் 20 மணி நேரம், 86-இல் 10, 89-இல் 5 என்று குறைந்துகொண்டே போய், 95 டெசிபலில் வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் மிஞ்சுகிறது. ஒரு மீட்டர் தூரத்தில் இருவர் பேசும் பேச்சு 60 டெசிபலை ஒட்டியது. அதே தூரத்தில் குரலை உயர்த்தினால்தான் கேட்கும் என்ற நிலை வந்தால் சுற்றுப்புறம் 85-ஐ நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். செல்பேசியில் டெசிபல் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. அவை துல்லியமானவை அல்ல, ஆனாலும் நேற்றைய அளவோடு இன்றையதை ஒப்பிடப் போதும்.

உட்காதில், நத்தை வடிவிலுள்ள உறுப்புக்குள், காது ஒன்றுக்கு ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் இருக்கின்றன. பெருஞ்சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தது போலிருந்து மறுநாள் சரியாகிவிடுவது, காற்றுக்குச் சாய்ந்த நெற்பயிர் நிமிர்வதைப் போன்றது. மாடு மிதித்த பயிர் நிமிராது. மனிதக் காதில் இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை, அதற்கு மருந்தும் கிடையாது. காய்ச்சிய தேங்காய் எண்ணெயை எத்தனை சொட்டு விட்டாலும் அது செவிப்பறைக்கு வெளியேதான் நிற்கும்.

என் சித்தப்பா உசிலம்பட்டிப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை என்று ஆண்டு முழுவதும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு அதன் கீழேயே ஆம்ப்ளிஃபையரோடு உட்கார்ந்திருப்பார். காதுகுத்து வீட்டில் பிள்ளையின் காது தட்டான் ஊசியைவிட ஸ்பீக்கருக்குத்தான் அதிகம் நொந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஐம்பது வயதுக்கு முன்பே அவருக்குப் பேத்தியின் கொலுசுச் சத்தம் கேட்காமல் போனது. கொட்டு கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது, எதிரில் நிற்பவர் பேசுவதும் கேட்டது. “சத்தமெல்லாம் கேக்குதுப்பா, என்ன சொல்றேங்கிறதுதேன் பிடிபடல” என்பார். சத்தத்தால் வரும் கேட்புக் குறைவின் முகம் இதுதான். அது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற கூரிய ஒலிகளில், தொடங்குகிறது. ச, ஸ, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை முதலில் மழுங்குகிறது. உயிரொலிகள் மட்டும் காதில் விழுவதால் ஆளுக்குச் செவிடு என்ற எண்ணமே வருவதில்லை, எதிராளி வாய்க்குள் முணுமுணுக்கிறார் என்ற எரிச்சல்தான் வருகிறது.

இனிப் பெட்டிகளை வைக்கும் இடத்தைப் பார்ப்போம். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், மேலே கான்கிரீட் என்பதால் ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல் திரும்பித் திரும்பி மோதி, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புகின்றன. குழப்பத்தைத் தெளிவாக்க நாம் குமிழைத் திருப்புகிறோம், குழப்பமும் சேர்ந்து கூடுகிறது. பெட்டிக்கு எதிர்ச்சுவரில் கனமான திரைச்சீலை, தரையில் ஜமக்காளம், ஒரு மூலையில் துணி அடுக்கிய திறந்த அலமாரி ஆகியவை இருந்தாலே பேச்சு துலங்கும். மெல்லிய கோரைப்பாயால் பெரிய பயன் இல்லை. பெட்டியில் கூர்மையான ஒலியைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்விட்டர், உட்கார்ந்தவர் காதின் உயரத்தில், அவரைப் பார்த்து இருக்க வேண்டும். பரணில் ஏற்றிவைத்த பெட்டியின் கூர்மையான ஒலி தலைக்கு மேலே போய்விடும், பரணிலிருந்து பெட்டி விழுந்தால் தலைக்கும் ஆபத்து. பெட்டியைச் சுவர் மூலையில் ஒட்டிவைத்தால் பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலி பெருகி உறுமும், பேச்சு அதில் அமுங்கும். ஒரு முழமாவது வெளியே இழுத்து வையுங்கள்.

டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் செட் வாங்கி வந்து, பாட்டு நன்றாகக் கேட்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றைச் சரிபாருங்கள். 5.1 முறையில் (ஐந்து பெட்டி, தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு பெட்டி) பதிவான படங்களில் வசனத்தின் பெரும்பகுதி நடுப்பெட்டிக்குத்தான் போகிறது. நடுப்பெட்டியை இணைக்காமல் இரண்டு பெட்டி மட்டும் வைத்துக்கொண்டு செட்டிங்கை 5.1-இலேயே விட்டிருந்தால் வசனம் எங்கும் போய்ச் சேராது. வசனத்துக்காகக் கூட்டிய ஒலி, சண்டைக் காட்சி வந்ததும் காதில் அறையும். செட்டிங்கை ஸ்டீரியோவுக்கு, அதாவது இரண்டு பெட்டி முறைக்கு, மாற்றினால் சரியாகிவிடும். நடுப்பெட்டி இருக்கிறவர்கள் அதன் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டலாம். ‘நைட் மோட்’ என்று இருந்தால் பகலிலும் அதைப் பயன்படுத்துங்கள். மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியை அது குறைத்துத் தரும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘பி.எம்.பி.ஓ.’ வாட்ஸ் வெறும் விளம்பரக் கணக்கு, தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸைக் கேட்டு வாங்க வேண்டும். சராசரிக் கூடத்துக்கு நல்ல பெட்டியோடு 20 அல்லது 30 வாட்ஸே தாராளம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை சில பழக்கங்களை விட வேண்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங் வருகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் வயரைத் துண்டிப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது; ஹம்மிங் நிற்கும், ஆனால் உள்ளே எங்காவது கசிந்தால் உலோகப் பெட்டி முழுவதிலும் 230 வோல்ட் நிற்கும். ஹம்மிங்கின் காரணத்தை மெக்கானிக்கிடம் காட்டித்தான் தீர்க்க வேண்டும். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவதும் அப்படித்தான். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லையென்றால் ஸ்பீக்கர் வாங்கும் பணத்தில் முதலில் அதை வாங்குங்கள். ஆம்ப்ளிஃபையரின் மேல் பூவேலைத் துணியை விரிப்பதும், அதன்மேல் பூச்சாடியோ தண்ணீர் டம்ளரோ வைப்பதும் கூடாது; சுற்றிலும் ஒரு சாண் இடம் விட்டால்தான் சூடு வெளியேறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளேயிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் மூடியை நீங்களே கழற்றாதீர்கள்.

எட்டு ஓம் (மின்தடையின் அலகு; எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடும்) என்று குறிப்பிட்ட ஆம்ப்ளிஃபையரில் ஒரே முனையில் இரண்டு எட்டு ஓம் பெட்டிகளை இணையாக மாட்டினால் சுமை நான்கு ஓமாகிவிடும். அதற்கு அது தாங்குமா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும். சிறிய ஆம்ப்ளிஃபையரை முழுவதும் திருப்பி அலறவிடும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, ட்விட்டர் சூடேறிக் கருகும். காதுக்கும் அந்தக் கரகரப்பு கூடுதல் களைப்பு. போடும்போது டிவியையும் பிளேயரையும் முதலில் போட்டு ஆம்ப்ளிஃபையரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஆம்ப்ளிஃபையரை முதலில் அணையுங்கள். வயரை மாட்டுவதும் கழற்றுவதும் அது அணைந்திருக்கும்போது மட்டுமே. கரண்ட் போனால் உடனே ஸ்விட்சை அணைத்துக் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் கரண்ட் திரும்பும்போது ‘டொப்’ என்ற அடி முதலில் விழுவது பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் காதில்தான். சித்திரை, வைகாசியில் வரும் கோடை இடியின்போதும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போதும் பிளக்கையும் டிஷ் வயரையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் மின்னலுக்குப் போதாது.

ஹெட்ஃபோனுக்குப் பொட்டு வைக்க முடியாது, ஆனால் செல்பேசி செட்டிங்கிலேயே உச்ச அளவைப் பூட்டிவைக்கலாம். ஐபோனில் ஹெட்ஃபோன் பாதுகாப்புப் பகுதியில் 75 முதல் 100 டெசிபலுக்குள் வரம்பு வைக்க வழி உண்டு. பல ஆண்ட்ராய்டு செல்பேசிகளிலும் இதுபோன்ற வசதி இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மேலூர் போகிறவர், பஸ் சத்தத்தை வெல்வதற்காக வீட்டில் கேட்பதைவிட வெகுவாகக் கூட்டிவைத்துக் கேட்கிறார். காதை அடைத்து உட்காரும் ரப்பர் முனை கொண்டதோ, வெளிச்சத்தத்தை நீக்கும் வகையோ வாங்கினால் குறைந்த அளவிலேயே கேட்கும். அதைப் போட்டுக்கொண்டு சாலையைக் கடக்கவோ வண்டி ஓட்டவோ கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் கழற்றிவையுங்கள்.

குழந்தைகளைப் பெட்டியின் முன் தரையில் உட்கார வைக்காதீர்கள். நமக்குச் சோபாவில் 75 டெசிபலாகக் கேட்பது பெட்டியை ஒட்டி உட்கார்ந்த பிள்ளைக்கு 80-ஐத் தாண்டலாம். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருவிழாவுக்கோ கல்யாண மண்டபத்துக்கோ தூக்கிப் போகும்போது காதுமூடியைக் கையோடு கொண்டுபோங்கள். காதில் பஞ்சு வைப்பது ஏறக்குறைய ஒன்றும் வைக்காததற்குச் சமம்.

அண்டைவீட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மாசி வீதிகளின் சந்துகளைப் போலப் பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில், தாழ்ந்த ஒலிக்கான பெட்டியான ஊஃபரைச் சுவரிலிருந்து விலக்கித் தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைப்பதே பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் இருந்தால், போனை ஒரே பக்கக் காதில் வைத்தால்தான் புரிகிறது என்றால், வீட்டார் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் பரிசோதனைக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். அழுக்கு அடைத்திருக்கும் என்று காத்திருக்காமல் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தால்தான் மருந்துக்கு வாய்ப்பு அதிகம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலையிலிருந்தே பெருஞ்சத்தத்தில் இருக்காதீர்கள், ஏனென்றால் களைத்த காது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கையில் தரும் ஆடியோகிராம் தாளை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தை, பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை போகும்போது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். சித்தப்பாவிடம் அப்படி ஒரு பழைய தாள் இல்லை, எந்த ஆண்டிலிருந்து குறைந்தது என்று கேட்டபோது அவருக்கு நினைவிருந்தது கொலுசு மட்டும்தான்.