பெங்களூரில் தண்ணீர் குடிப்பது எப்படி

சென்னையிலிருந்து வேலை மாறி இங்கே வருபவர்கள் தவறாமல் தூக்கிக்கொண்டு வருவது அந்த 2 லிட்டர் பாட்டிலைத்தான். அங்கே குடித்ததில் பாதி வியர்வையாகவே போய்விடும்; கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், ஏசி அறையில் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாமல் அதே அளவைக் குடித்தால் எங்கே போகும்? பாத்ரூமுக்குத்தான். நானும் அல்சூருக்கு வந்த புதிதில் செல்போன் ஆப் மணியடிக்கும் போதெல்லாம் குடித்து, ராத்திரி மூன்று முறை எழுந்துகொண்டிருந்தேன்.

அதோடு போனால் பரவாயில்லை. ஆபத்து, வேகமாகக் குடிப்பதில் இருக்கிறது. நல்ல சிறுநீரகம்கூட மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதைத் தாண்டி மளமளவென்று உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உள்ள உப்பு, அதாவது சோடியம், நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது சட்டென்று இறங்கினால் மூளை செல்களுக்குள் தண்ணீர் புகுந்து வீங்கும், மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? 2007இல் கலிஃபோர்னியாவில் ஒரு ரேடியோ போட்டிக்காகச் சிறுநீரை அடக்கிக்கொண்டு தண்ணீர் குடித்த பெண் அன்றே இறந்துபோனார்.

அதனால் முதலில் அந்த மணியை அணையுங்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், தீர்ந்ததும் நிறுத்துங்கள். ரசம், மோர், காபி எல்லாமே தண்ணீர்க் கணக்குதான். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நாள் முழுக்க நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரி போனால் குறைக்கலாம் என்று அர்த்தம் (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் இந்த நிறக் கணக்கு செல்லாது).

ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்கில் ஓடுகிறவர்கள்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) கலப்பதானால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். அப்புறம், ஓஆர்எஸ்தானே என்று அதையும் லிட்டர் கணக்கில் ஏற்றினால் இதே கதைதான்.

வீட்டில் பிரஷருக்கு 'நீர் மாத்திரை' (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) சாப்பிடும் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குச் சோடியம் சுலபமாக இறங்கும், எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் போதும். பாட்டி ஆசையாக ஒரு சங்குத் தண்ணீர் புகட்ட வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் நிறையத்தான் குடிக்க வேண்டும், ஆனால் நாள் முழுக்கப் பரப்பி.

நிறையக் குடித்த பிறகு ஒருவருக்குத் தலைவலி, குமட்டல், வாந்தி, பேச்சில் குழப்பம் என்று வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் ஒரு டம்ளர் நீட்டுவார்கள். அதைத் தடுங்கள். குழப்பமோ வலிப்போ தெரிந்தால் 108ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், எவ்வளவு நேரத்தில் எத்தனை லிட்டர் குடித்தார் என்பதை அங்கே முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள்.