சின்ன பேட்டரியில் எல்இடி நீண்ட நேரம் எரிய

பழைய பவர் பேங்கிலிருந்து கழற்றிய லித்தியம் செல் ஒன்று போதும், வெள்ளை எல்இடி விளக்கு எரிக்க. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், பெரும்பாலான நேரம் 3.7-ஐ ஒட்டி நிற்கும். சாதாரண 5 மிமீ வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3.1 வோல்ட் வேண்டும். இடைவெளி குறைவு என்பதால் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரில் வீணாவதும் குறைவுதான். 12 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கி, பூஸ்டர் (வோல்ட்டை உயர்த்தும் சர்க்யூட்) போட்டு ஏற்றுவது வெட்டி வேலை: ஏற்றும்போது கொஞ்சம் போகும், ஸ்ட்ரிப்பிலுள்ள ரெசிஸ்டரில் இன்னும் கொஞ்சம் போகும்.

கணக்கு எளிது. 4.2-இல் 3.1 கழித்தால் 1.1. அதை எல்இடியின் கரண்ட்டான 0.02 ஆம்பியரால் (20 மில்லி ஆம்பியர்) வகுத்தால் 55 ஓம். கடையில் கிடைப்பது 56 ஓம். பல எல்இடிகளை இணையாகக் கோர்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வைத்தால் ஒன்றிரண்டு மட்டும் அதிகக் கரண்ட்டை இழுத்துச் சீக்கிரம் மங்கிவிடும்.

உண்மையான மிச்சம் கரண்ட்டைக் குறைப்பதில் இருக்கிறது. 56-க்குப் பதில் 120 ஓம் போட்டால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகும். கண்ணுக்கோ வெளிச்சம் பாதியாகத் தெரியாது. குறைந்த கரண்ட்டில் எல்இடியின் திறனும் சற்றுக் கூடும். 2000 எம்ஏஎச் செல்லில் 20 மில்லி ஆம்பியர் எல்இடி ஒன்று சுமார் 100 மணி நேரம் எரியும் என்றால், 120 ஓமில் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் எதிர்பார்க்கலாம்.

பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். செல் கெட்டுப்போகும். உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.