சாம் பெக்கின்பாவின் கௌபாய் படங்கள்: எங்கே தொடங்குவது, எந்தப் பதிப்பைப் பார்ப்பது

சாம் பெக்கின்பா இயக்கிய முழுநீளப் படங்கள் 14. அவற்றைத் தேடிப் பார்க்க விரும்புகிறவருக்குத் தொடக்கத்திலேயே இரண்டு சிக்கல்கள் எதிர்ப்படும். அவரைப் பற்றிக் காதில் விழுந்திருப்பதெல்லாம் இரத்தமும் ஸ்லோமோஷனுமாகவே இருக்கும் என்பது ஒன்று. அதை மட்டும் எதிர்பார்த்து உட்காருகிறவருக்குப் பாதிப் படங்கள் ஏமாற்றமளிக்கும், மீதிப் பாதி அருவருப்பூட்டும். ஒரே படம் இரண்டு மூன்று பதிப்புகளாகக் கிடைக்கிறது என்பது மற்றொன்று. நான் முதன்முதலில் பார்த்த ‘பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்’ 106 நிமிடப் பதிப்பு. படம் முடிந்ததும் ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று எழுந்து போய்விட்டேன். அது தயாரிப்பு நிறுவனம் வெட்டிக் குறைத்த பதிப்பு என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. ஆகவே எந்தப் பெக்கின்பா படத்தைத் தொடுவதற்கு முன்னும், அதன் நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே, அகலத்திரைக்கு எடுக்கப்பட்ட இந்தப் படங்களின் இரு ஓரங்களையும் நறுக்கிச் சதுரமாக்கிய பிரதி எதுவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ஒருவனை ஒருவன் கைவிடுவதையும் காட்டிக்கொடுப்பதையும் பெக்கின்பா பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் நிறுத்தி வைக்கிறார்.

படங்களுக்குள் போகுமுன் அவருடைய வாழ்க்கையில் ஓரிரு செய்திகள் தெரிந்திருந்தால் போதும். 1925ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் பிறந்தார். தாய்வழித் தாத்தா டென்வர் சர்ச் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். சியரா நெவாடா மலையடிவாரத்தில் அவருக்குக் கால்நடைப் பண்ணை இருந்தது. குதிரையேற்றமும் வேட்டையும் கற்று, பழைய மேற்கின் கடைசி மனிதர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த சிறுவன், அந்தப் பண்ணை கைவிட்டுப் போவதையும் பார்த்தான். தந்தை வழக்கறிஞர், விவிலியத்தை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக் காலாட்படையில் சேர்ந்த பெக்கின்பா 1945இல் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து நாடகம் படித்தார். இயக்குநர் டான் சீகலிடம் உதவியாளராகத் தொழில் கற்றார். பிறகு தொலைக்காட்சி. ‘கன்ஸ்மோக்’ தொடருக்கு எழுதினார், 1960இல் ‘தி வெஸ்டர்னர்’ என்ற தொடரைத் தாமே உருவாக்கினார். 13 பகுதிகளோடு அது நிறுத்தப்பட்டது.

முதல் படமான ‘தி டெட்லி கம்பேனியன்ஸ்’ 1961இல் வந்தது. திரைக்கதையிலும் படத்தொகுப்பிலும் அவர் சொல் எடுபடவில்லை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும், பார்க்காவிட்டாலும் குறையில்லை.

தொடங்க வேண்டிய படம் 1962இல் வந்த ‘ரைட் த ஹை கன்ட்ரி’. 94 நிமிடம், ஒரே பதிப்புதான், குழப்பமில்லை. ஜோயல் மெக்கிரியும் ராண்டால்ஃப் ஸ்காட்டும் முதுமை எட்டிவிட்ட இரண்டு முன்னாள் சட்டக் காவலர்களாக நடித்திருக்கிறார்கள். ஸ்காட்டுக்கு இதுவே கடைசிப் படம். மலைமேல் இருக்கும் சுரங்க முகாமிலிருந்து தங்கத்தைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும், உடன் வரும் பழைய நண்பன் அதைத் திருடத் திட்டமிட்டிருக்கிறான் என்பதுதான் கதை. அதன் முதல் பத்து நிமிடங்களை நிதானமாகப் பாருங்கள். மெக்கிரி நடிக்கும் ஸ்டீவ் ஜட் ஊருக்குள் குதிரையில் வருகிறார். தெருவின் இருபுறமும் கூட்டம் ஆரவாரிக்கிறது. தமக்குத்தான் வரவேற்பு என்று எண்ணி அவர் தொப்பியைத் தொட்டு வணங்கப் போகிறார். கூட்டம் காத்திருந்ததோ ஒட்டகத்துக்கும் குதிரைகளுக்கும் நடக்கும் பந்தயத்துக்காக. ஒதுங்கி நில் கிழவா என்கிற தோரணையில் ஒரு போலீஸ்காரர் அவரை விரட்டுகிறார், அடுத்து ஒரு மோட்டார் கார் அவரை இடித்துவிடும் தூரத்தில் கடந்து போகிறது. வங்கியில் அவருடைய சட்டையின் நைந்த கைப்பட்டையைப் பார்த்துவிடுகிறார்கள். அவர் அதை உள்ளே தள்ளி மறைக்கிறார். ஒப்பந்தத்தைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது, அதைப் பிறர் முன்னால் போட்டுக்கொள்ளக் கூச்சம். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார். ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காத இந்தப் பத்து நிமிடங்களுக்குள் பெக்கின்பாவின் முழு உலகமும் இருக்கிறது: காலம் தன்னைக் கடந்து போய்விட்டதை அறிந்தும் கொடுத்த வாக்கை விடமுடியாத ஒரு மனிதன். பின்னால் ஜட், தாம் வேண்டுவதெல்லாம் நீதிமானாக்கப்பட்டவனாய்த் தம் வீட்டுக்குள் நுழைவது மட்டுமே என்கிறார். லூக்கா சுவிசேஷத்தை ஒட்டிய அந்த வாசகம் பெக்கின்பாவின் தந்தை வாயில் அடிக்கடி வந்ததாம்.

அந்த மோட்டார் காரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அடுத்தடுத்த படங்களில் அது திரும்பத் திரும்ப வரும். ‘தி வைல்ட் பன்ச்’ படத்தில் பிடிபட்ட கொள்ளையன் ஏஞ்சலை மாப்பாச்சே என்ற தளபதியின் கார்தான் மண்ணில் இழுத்துப் போகிறது. ‘தி பேலட் ஆஃப் கேபிள் ஹோக்’ படத்தில் நாயகன் சாவதே கார் தன்மேல் ஏறித்தான். 1972இல் வந்த ‘ஜூனியர் பானர்’ அக்கால அரிசோனாவில் நடக்கும் கதை என்பதால் அங்கே தந்தையின் வீட்டை புல்டோசர் வந்து இடிக்கிறது. துப்பாக்கிகளை எண்ணுவதை விட்டுவிட்டு இந்த இயந்திரங்களைப் பின்தொடர்ந்து பார்ப்பதே பெக்கின்பாவுக்குள் நுழைய நான் கண்ட எளிய வழி.

இரண்டாவதாக ‘தி வைல்ட் பன்ச்’, 1969. 145 நிமிடப் பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். படம் வெளியான சில வாரங்களிலேயே அமெரிக்கத் திரையரங்குகளில் ஏறத்தாழ 10 நிமிடம் வெட்டப்பட்டது. வன்முறைக்குப் பயந்து வெட்டினார்கள் என்று எண்ணத் தோன்றும். வெட்டுப்பட்டதோ பெரும்பாலும் நினைவுகள்: வில்லியம் ஹோல்டன் நடிக்கும் பைக், தன் கூட்டாளி தார்ன்டனைப் பிடிபடவிட்டுத் தப்பிய கதையும், தான் நேசித்த பெண்ணை இழந்த கதையும். அவை இல்லாத பதிப்பில் பைக் ஒரு சாதாரணக் கொள்ளைக்காரன். அவை இருக்கும்போது, கடைசியில் அவன் ஏஞ்சலுக்காகத் திரும்பிப் போவது பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதற்கு என்பது விளங்கும். 1995இல் முழுப் பதிப்பு மறுபடியும் திரையரங்குகளுக்கு வந்தது.

இந்தப் படத்தை இரண்டு முறை பார்க்கச் சொல்வேன். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, தொடக்கத்தில் வரும் துப்பாக்கிச் சண்டையை மட்டும் ஒலியை முழுவதும் அடைத்துவிட்டுப் பாருங்கள். கூரையிலிருந்து ஒருவன் விழத் தொடங்குகிறான், மெதுவாக. அவன் தரையைத் தொடுமுன் காட்சி வேறெங்கோ தாவுகிறது, இயல்பான வேகத்தில். மறுபடி அவன், இன்னும் விழுந்துகொண்டே. அதற்குள் ஒரு குதிரை கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்கிறது, அதுவும் மெதுவாக. நொடிக்கு 24 ஃபிரேம் என்ற வழக்கமான வேகத்திலும், அதைவிடப் பல மடங்கு கூடிய வேகங்களிலும் ஓடும் பல கேமராக்களை ஒரே நிகழ்வின்மீது நிறுத்திப் படம்பிடித்து, அவற்றைத் துண்டு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கிறார்கள். கூடுதல் வேகத்தில் எடுத்தது திரையில் இயல்பான வேகத்தில் ஓடும்போது மெதுவாகத் தெரிகிறது. எந்த மெதுவான காட்சியும் முழுதாக ஓட விடப்படுவதில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். முழுதாக ஓடவிட்டால் அது வெறும் அலங்காரமாகிவிடும், பின்னால் வந்த பலருடைய படங்களில் அப்படித்தான் ஆயிற்று. மெதுவான சாவைப் பெக்கின்பா கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது பிழை. அகிரா குரோசாவா 1954இலும் ஆர்தர் பென் 1967இலும் அதைக் கையாண்டிருந்தார்கள். அதை இவ்வளவு நுணுக்கி நறுக்கியவர்கள் பெக்கின்பாவும் அவருடைய படத்தொகுப்பாளர் லூ லம்பார்டோவும்.

அந்தச் சண்டைக்கு முன், ஊருக்குள் நுழையும் ஆட்கள் சிறுவர்களின் சிரிப்பைக் கடந்து போகிறார்கள். சிறுவர்கள் தேள்களை எறும்புப் புற்றில் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு அதன்மேல் வைக்கோலைப் போட்டுக் கொளுத்துகிறார்கள். மாப்பாச்சேயாக நடித்த மெக்சிகோ இயக்குநர் எமிலியோ ஃபெர்னாண்டஸ் தம் சிறுவயது விளையாட்டாகச் சொன்னதிலிருந்து வந்தது அந்தக் காட்சி. முழுப் படத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற படிமம் என்று அதைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பைக்கின் சேணத்தில் அங்கவடி வார் அறுந்து அவன் கீழே விழும் இடம்தான் முக்கியம். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்; அவன் வலியை அடக்கிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் மறுபடி ஏறி, கூனிய முதுகு நமக்குத் தெரியத் தனியே போகிறான். நைந்த கைப்பட்டையை மறைத்த ஸ்டீவ் ஜட்டின் உடன்பிறந்தவன் அவன்.

இவ்வளவு இரத்தத்துக்குப் பிறகு இளைப்பாற, மறு ஆண்டே வந்த ‘கேபிள் ஹோக்’. பாலைவனத்தில் தண்ணீரின்றிச் சாகட்டும் என்று விடப்பட்டவன், தண்ணீரைக் கண்டு, அந்த இடத்தையே கோச்சு வண்டிகள் நின்று போகும் நிலையமாக்கும் கதை. ஜேசன் ரோபார்ட்ஸும் ஸ்டெல்லா ஸ்டீவன்ஸும் நடித்தது. வேகமாக ஓடவிடப்பட்ட சில நகைச்சுவைக் காட்சிகள் இன்று பழசாகத் தெரிகின்றன. மற்றபடி அவர் எடுத்தவற்றில் அன்பு மிகுந்த படம் இதுதான்.

அடுத்து ‘பேட் காரெட் அண்ட் பில்லி தி கிட்’, 1973. பழைய நண்பனான கொள்ளைக்காரன் பில்லியைக் கொல்லப் புறப்படும் ஷெரீஃப் காரெட்டின் கதை. இங்கேதான் பதிப்புத் தேர்வு உண்மையிலேயே கடினம். மெக்சிகோவின் டுராங்கோவில் நடந்த படப்பிடிப்பில் கேமராக் கோளாறால் காட்சிகள் மங்கலாகி வீணாயின. பெக்கின்பா பெரும்பாலான நாட்கள் குடித்தபடி இருந்தார். தயாரிப்பு நிறுவனமான எம்ஜிஎம்மின் தலைவர் ஜேம்ஸ் ஆப்ரியோடு ஓயாத சண்டை. கடைசியில் நிறுவனம் வெளியிட்டது 106 நிமிடம். பெக்கின்பா முன்னோட்டமாகத் திரையிட்ட 122 நிமிடப் பதிப்பு 1988இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2005இல் 115 நிமிடப் பதிப்பு ஒன்றும், 2024இல் மேலும் ஒன்றும் பிறர் கைகளால் உருவாயின. அவரே முடித்து இதுதான் என் படம் என்று ஒப்படைத்த பதிப்பு எதுவுமில்லை. முதலில் 122 நிமிடத்தையே பாருங்கள். அதன் தொடக்கத்தில், முதுமையடைந்த காரெட்டை 1909இல் சுட்டுக் கொல்வதும், 1881இல் பில்லியின் ஆட்கள் மண்ணில் புதைத்த கோழிகளின் தலைகளைச் சுட்டு விளையாடுவதும் ஒன்றோடொன்று பின்னி வருகின்றன. 1881இல் சுட்ட குண்டு 1909இல் காரெட்டின் உடலில் பாய்வது போல. நிஜமான காரெட் செத்தது 1908இல் என்பது ஒரு சிறு செய்தி. இந்தத் தொடக்கம் 106 நிமிடப் பதிப்பில் இல்லாததால்தான் எனக்கு அன்று படம் பிடிபடவில்லை: நண்பனைக் கொல்லப் போகிறவன் ஏற்கெனவே செத்தவன் என்று தெரியாமல் அவனைத் தொடர்வதில் பொருளில்லை. ஆனால் குண்டுபட்ட ஷெரீஃப் பேக்கர் ஆற்றங்கரைக்கு நடந்து போய் அமர, மனைவி தூரத்தில் நின்று அழுதபடி பார்க்கும் காட்சியில், பாடகர் பாப் டிலனின் குரல் 106 நிமிடப் பதிப்பில் ஒலிக்கிறது. 122இல் வெறும் இசைதான். அந்த ஒரு காட்சிக்காகத் திரையரங்கப் பதிப்பையும் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். சவப்பெட்டி செய்கிறவராகப் பெக்கின்பாவே ஓரிரு நிமிடம் வந்து, காரெட்டை இகழ்ந்து பேசுகிறார். தம் கதாநாயகனை மட்டுமா இகழ்ந்தார் என்று கேட்கத் தோன்றும்.

‘மேஜர் டண்டீ’ படத்தை இதற்குப் பிறகு பாருங்கள், 136 நிமிடப் பதிப்பில். 1965இல் வந்த இந்தப் படத்துக்காகச் சார்ல்டன் ஹெஸ்டன், இயக்குநரை நீக்கிவிடக் கூடாது என்று தம் சம்பளத்தையே விட்டுக்கொடுக்க முன்வந்தார். நிறுவனம் தயங்காமல் அதை ஏற்றுக்கொண்டது. முதல் மூன்றில் இரண்டு பங்கு கம்பீரம், பிறகு தடுமாற்றம். அடுத்து ‘தி சின்சினாட்டி கிட்’ படத்திலிருந்து சில நாட்களிலேயே நீக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் திரைப்பட வேலையின்றி இருந்த அவரை மீட்டது, 1966இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘நூன் வைன்’.

கௌபாய் அல்லாத படங்களில் எச்சரிக்கை தேவைப்படுவது ‘ஸ்ட்ரா டாக்ஸ்’. அதன் பாலியல் வன்முறைக் காட்சி இன்றும் சர்ச்சைக்குரியது. பிரிட்டனில் 2002 வரை பல ஆண்டுகள் அது வீடியோவாகக் கிடைக்கவில்லை. பெண்களை அவர் காட்டும் விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. விரும்பாதவர்கள் அந்தப் படத்தை விட்டுவிடலாம். 1974இல் வந்த ‘பிரிங் மீ தி ஹெட் ஆஃப் ஆல்ஃபிரெடோ கார்சியா’ படத்தை மட்டும் விடாதீர்கள். தாம் நினைத்தபடியே வெளிவந்தது இது ஒன்றுதான் என்று அவர் சொன்ன படம். நாயகன் வாரன் ஓட்ஸ் படம் முழுக்கப் போட்டிருப்பது பெக்கின்பாவின் கறுப்புக் கண்ணாடி.

அதற்குப் பிந்தியவற்றில் ‘கிராஸ் ஆஃப் அயர்ன்’ போதும். குடியோடு கொக்கெய்னும் சேர்ந்துகொண்ட ஆண்டுகள் அவை. ‘கான்வாய்’ அவருடைய படங்களிலேயே அதிகம் வசூலித்தது, அதன் பல காட்சிகளைத் துணை இயக்கத்துக்கு வந்த நண்பர் ஜேம்ஸ் கோபர்ன் எடுக்க நேர்ந்தது, 1979இல் மாரடைப்பு, 1984 டிசம்பர் 28 அன்று, 59 வயதில் மறைவு. குடிதான் அவருக்கு அந்தத் தீவிரத்தைக் கொடுத்தது என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். படங்களை வரிசையாகப் பார்த்தவருக்கு அது எதைப் பறித்தது என்பது கண்ணுக்கே தெரியும்.

எல்லாம் பார்த்து முடித்த பின், ‘ரைட் த ஹை கன்ட்ரி’யின் கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி போடுங்கள். தான் தனியாகப் போக விரும்புவதாக நண்பனிடம் சொல்லிவிட்டு, ஸ்டீவ் ஜட் திரும்பி மலைகளை ஒரு முறை பார்க்கிறார். ஸ்லோமோஷன் இல்லை, துண்டு துண்டான வெட்டுகளும் இல்லை. அவர் மெல்லச் சரிந்து திரையின் கீழ் ஓரத்தைத் தாண்டிப் போகிறார். மலைகள் அங்கேயே நிற்கின்றன.