டிஏபி எங்கேயும் போகாது என்று யார் சொன்னது?

"யூரியா கரைந்து ஓடிடும், டிஏபி எங்கேயும் போகாது, மண்ணுலயே கிடக்கும்." உரக்கடை வாசலில் இதைக் கேட்காத விவசாயி இருக்க முடியாது. பாதி உண்மைதான். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தில் உள்ள மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஆனால் அந்த மண்ணே மழையில் ஓடினால்? அதுவும் போக, எல்லா மண்ணுக்கும் ஒரே பிடிமானம் கிடையாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ டிஏபி மூட்டையில் மணிச்சத்து 46 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது ஆக்சிஜனோடு சேர்ந்த ஆக்சைடு கணக்கு, தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் சுமார் 10 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, 1 கிலோ, ஓடிப்போனதாக வைத்துக்கொள்வோம். நமக்கு அது பெரிய நஷ்டமில்லை. ஆனால் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவு பாஸ்பரஸ் இருந்தாலே குளத்தில் பாசி பெருகத் தொடங்கலாம். அந்தக் கணக்கில் 1 கிலோ என்பது 3.3 கோடி லிட்டர் தண்ணீருக்குப் போதும்; இரண்டரை ஏக்கர் பரப்பு, பத்தடிக்குச் சற்று மேல் ஆழம் உள்ள ஒரு குட்டை முழுக்க. பயிர் வாடாது, மகசூல் குறையாது, குட்டை மட்டும் பச்சையாகும். இந்த இழப்பு நம் கண்ணில் படாமலே போவது இதனால்தான்.

சரி, எங்கே தவறுகிறோம்?

மண் மாதிரி எடுப்பதிலேயே தொடங்குகிறது. 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, கலந்து, நான்காகப் பிரித்துக் குறைத்து ஆய்வகத்தில் கொடுக்கிறோம். பயிருக்கு உர அளவு சொல்ல அது சரியான முறைதான். ஆனால் மேலே ஓடும் மழைத்தண்ணீர் 15 செ.மீ. வரை இறங்கிப் பார்ப்பதில்லை, அது உரசிச் செல்வது மேல்மண்ணின் ஓரிரு செ.மீ. மட்டும். வருடக்கணக்காக உரத்தை மேலாகத் தூவியே பழகிய வயலில் சத்தில் பெரும்பகுதி அந்த மெல்லிய ஏட்டில் குவிந்திருக்கும், கீழ்மண்ணோடு கலந்து சோதித்தால் 'நடுத்தரம்' என்று மண்வள அட்டை வரும், நாமும் நிம்மதியாக இன்னொரு மூட்டை போடுவோம். சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் மேல் 2 செ.மீ. மண்ணைத் தனியாகச் சுரண்டி இன்னொரு பொட்டலம் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அட்டையில் மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்று வந்தால் அது 'அதிகம்'. அப்புறமும் பழக்கத்துக்காக டிஏபி போடுவானேன்? தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) யூரியா இருக்கிறது, கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்க பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரம் இருக்கிறது.

அடுத்து, உழாமல் விட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவில் ஈரி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மௌமி (Maumee) ஆற்றுப் படுகையில் மண் அரிப்பைத் தடுக்கப் பலர் உழவைக் குறைத்தார்கள். சேறு குறைந்தது, ஆனால் 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு தண்ணீரில் கரைந்து வரும் பாஸ்பரஸ் ஏறியது. மேலே தூவிய உரம் மேலேயே தங்கியதும், மண்வெடிப்பு, மண்புழு வளை வழியாக நிலத்தடி வடிகுழாய்க்குள் நேராக இறங்கியதும் அதற்கான காரணங்களில் சில. 2014 ஆகஸ்டில் அந்த ஏரியின் பாசி நஞ்சால் டொலிடோ நகர வட்டாரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு நாளுக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். உழவைக் குறைப்பது தப்பில்லை, உரத்தை விதைச்சாலுக்குள் இறக்காமல் மேலே தூவியதுதான் தப்பு. நம் கரிசலும் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்தான், முதல் மழைக்கு முன்னால் உரம் தூவினால் வெடிப்புக்குள் போய்விடும்.

ஊட்டிப் பக்கத்து மலைமண் வேறு கதை. புளிப்பு (அமில) மண், இரும்பும் அலுமினியமும் நிறைய, போட்ட மணிச்சத்தைக் கவ்விக்கொள்ளும். பயிருக்குக் கிடைக்கவில்லையே என்று உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் மேலும் மேலும் போடுவார்கள். சரிவோடு பாத்தி பிடித்த நிலத்தில் மழை பெய்தால் முதலில் கிளம்புவது கனமான மணல் இல்லை, பொடிக் களித்துகள். மணிச்சத்தைக் கவ்வி வைத்திருப்பதும் அதே களித்துகள்தான்! ஆக, ஓடையில் போகும் செந்நிறத் தண்ணீரில் உள்ள மண், வயலில் மிஞ்சிய மண்ணைவிடச் சத்தானது. புளிப்பு மண்ணுக்குப் பரிசோதனை முறையும் வேறு: அங்கே பிரே முறை, சுண்ணாம்பு மண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் ஓல்சன் முறை. கேட்டு வாங்குங்கள். மணற்பாங்கான நிலத்தில் கவ்விக்கொள்ளவே ஆள் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுவதுதான் வழி.

கோழி எருவைப் பற்றி ஒரு வார்த்தை. பயிருக்குத் தழைச்சத்து மணிச்சத்தைப்போலப் பல மடங்கு வேண்டும், ஆனால் கோழி எருவில் இரண்டும் அவ்வளவு இடைவெளி இல்லாமல் இருக்கும். தழைச்சத்துக் கணக்குக்கு எருவைக் கொட்டினால் மணிச்சத்து எகிறிவிடும். 'இயற்கைதானே' என்பது ஏரிக்குத் தெரியாது.

இனி ஒரு சோதனை, செலவில்லை. காய்ந்த மண்கட்டி ஒன்றை நெல்லிக்காய் அளவுக்கு எடுத்து, கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெல்ல இறக்குங்கள், கலக்கக் கூடாது. தொழுவுரம் நன்றாக ஏறிய மண் பல நிமிடம் கட்டியாகவே நிற்கும். சோடியம் மிகுந்த களர் மண் என்றால் கட்டியைச் சுற்றிப் பால்போல ஒரு கலங்கல் கிளம்பும், மறுநாள் வரை தெளியாது. அந்தக் கலங்கல்தான் மழையில் வரப்பு தாண்டி ஓடுவது. அதே டம்ளரில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கி வையுங்கள், களி திரண்டு கீழே இறங்கும். அப்படி இறங்கினால் நிலத்துக்கும் ஜிப்சம் வேலை செய்ய வாய்ப்பு உண்டு, அளவை ஆய்வகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்வயலில் நடக்கும் தவறு எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். கடைசிச் சேற்றுழவில் அடியுரமாக டிஏபி போடுவார்கள், பரம்படிப்பார்கள், மறுநாள் நடவுக்குத் தண்ணீர் அதிகம் என்று மடையைத் திறந்துவிடுவார்கள். குழம்பு மாதிரி சேறும் சேர்ந்து வாய்க்காலில் போகும். தண்ணீர் தேங்கிய மண்ணில் இரும்பு தன் பிடியைத் தளர்த்தி மணிச்சத்தைக் கரையவிடும் என்பதால், தெளிந்த மாதிரி தெரியும் தண்ணீரும் வெறும் தண்ணீர் இல்லை. சேற்றுழவுக்கே தண்ணீரைக் குறைவாகக் கட்டுங்கள், மீறித் தேங்கினால் உரம் போடும் முன்பே, சேறு படிந்த பிறகு வடியுங்கள். உரம் போட்டபின் ஒரு வாரம் மடையைத் தொட வேண்டாம். வடித்தே ஆக வேண்டுமென்றால் வாய்க்காலுக்கு விடாமல் பக்கத்துத் தாழ்ந்த வயலுக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் வயலாக இல்லாவிட்டால் அந்த வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு.