புதிய குடியிருப்பில் விளையாட்டுத் திடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்புகளைத் திட்டமிடும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் வரைபடத்தைக் கொண்டுவந்து விரிக்கும்போது, விளையாட்டுத் திடலுக்காகப் பச்சை வண்ணம் அடித்த பகுதியில்தான் என் கண் முதலில் போய் நிற்கும். எங்கள் தலைமுறை செய்து, கை சுட்டுக்கொண்டு, பிறகு விட்டொழித்த அதே பிழைகள் அங்கே மறுபடியும் இருக்கும். பார்க்க வருத்தமாக இருக்கிறது. இவற்றால் வரும் நஷ்டம் அங்கே வளரப்போகும் பிள்ளைகளின் தலையில்தான் விழுகிறது.

ஊஞ்சலைச் சாலையோரம் வைக்கக் கூடாது, நிழல் வேண்டும், பெரியவர்கள் உட்கார பெஞ்ச் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் போகவில்லை. வரைபடத்தில் கண்ணுக்குப் படாமல் இருந்து, ஆட்கள் குடிவந்த பிறகு தலைகாட்டுகிற தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் தவறைப் பற்றி நீளமாகவே எழுதுவேன். இன்றைக்கும் ஏதாவது சைட்டில் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

திடல் நிலத்தைச் சாமான் கிடங்காக்குவது

கட்டட வேலை தொடங்கும்போது கம்பி இறக்க, செங்கல் அடுக்க, லாரி திரும்ப, சைட் ஆபீஸ் போட ஒரு பெரிய சமதளம் தேவைப்படும். காண்ட்ராக்டர் வரைபடத்தைப் பார்க்கிறார். வீடும் வராமல் சாலையும் வராமல் கடைசி வரை காலியாக இருக்கப்போகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: விளையாட்டுத் திடல். தடுக்கவும் ஆள் இல்லை. இரண்டு மூன்று வருடம் டிப்பரும் கிரேனும் அதன் மேல் ஓடுகின்றன, மழையிலும் ஓடுகின்றன. எல்லாம் முடிந்த பிறகு மேலே கொஞ்சம் மண் பரப்பி, புல் பதித்து, கோல் கம்பம் நட்டு ஒப்படைத்துவிடுகிறார்கள். திறக்கும் அன்று பச்சைப்பசேலென்றுதான் இருக்கும்.

தண்ணீர் வடியவில்லை என்று கூப்பிட்டதால் அப்படிப்பட்ட ஒரு திடலைப் போய்ப் பார்த்தேன். மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய புல்வெளி காய்ந்து கிடக்க, இங்கே நடுத் திடலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. ஓரமாக ஓர் இடத்தில் வெட்டிப் பார்த்தோம். மேலே நாலு விரல் கனத்துக்குக் கறுப்பு மண். அதற்குக் கீழே மண்வெட்டி இறங்கவில்லை, கடப்பாரை போட வேண்டியதாயிற்று. பெயர்ந்து வந்த கட்டி சாம்பல் நீல நிறத்தில் தகடு தகடாக உரிந்தது. அழுகிய முட்டை வாடை அடித்தது. இடையிடையே காரைத் துண்டு, உடைந்த டைல், முறுக்கிய கட்டுக்கம்பி. புல்லின் வேர்கள் கீழே போக வழியில்லாமல், அந்தக் கெட்டித் தளத்தின் மேலேயே பக்கவாட்டில் படர்ந்து பின்னிக் கிடந்தன. கையால் இழுத்ததும் புல் பற்றை அப்படியே உரிந்து வந்துவிட்டது.

மண்ணுக்குள் இருக்கும் துளைகள் வழியாகத்தான் நீரும் காற்றும் போகின்றன. கனமான சக்கரம் ஏறினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள். நீரை வேகமாகக் கீழே இறக்குபவை அவைதான். மண் ஈரமாக இருந்தால் துகள்கள் வழுக்கி இன்னும் நெருங்கிவிடும், சேதமும் கூடும். மேல்மண்ணைக் கிளறிச் சரிசெய்துவிடலாம். அடிமண் ஆழத்தில் இறுகிவிட்டால் பல பத்தாண்டுகள் போனாலும் தானாகத் தளர்வதில்லை. காற்றுப் புகாமல் நீர் ஊறிய மண்ணில்தான் அந்தச் சாம்பல் நிறமும் முட்டை வாடையும் வருகின்றன. குத்திப் பார்க்கும் கருவியில் மண்ணின் எதிர்ப்பு 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால், பெரும்பாலான செடிகளின் வேர் மேற்கொண்டு இறங்குவது கிட்டத்தட்ட நின்றுவிடும்.

எங்களைக் கூப்பிடும் முன்பே அந்தக் குடியிருப்புக்காரர்கள் ஒரு முறை செலவு செய்திருந்தார்கள். “பைப் போட்டா சரியாயிடும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார். திடலுக்குக் குறுக்கே துளையிட்ட வடிகால் குழாய்களைப் பதித்திருந்தார்கள். குழாயில் எந்தக் குறையும் இல்லை. உள்ளே காய்ந்து கிடந்தது. மேலே நிற்கிற நீர் இறங்கி வந்தால்தானே குழாய் அதை வெளியே கொண்டுபோகும்? இடையில் இருப்பது ஓட்டை இல்லாத தொட்டியின் அடிப்பாகம் போன்ற தளம்.

கடைசியில் புல்லை எடுத்து, மேல்மண்ணை ஒதுக்கி, அடிமண்ணை ஆழக் கீறி, இடிபாடுகளைப் பொறுக்கி, எல்லாவற்றையும் திரும்பப் பரப்பினார்கள். புதிதாகத் திடல் போடுவதைவிட அதிகச் செலவு. வீடுகள் எல்லாம் நிறைந்துவிட்டதால் இயந்திரங்கள் வர அகலமான வழியே இல்லை. அத்தனை காலமும் பிள்ளைகள் வண்டி நிறுத்துமிடத்தில் பந்து விளையாடினார்கள்.

இதைத் தடுப்பது அவ்வளவு எளிது என்பதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. வேலையின் முதல் நாளே திடலைச் சுற்றி வேலி போட்டுவிடுங்கள். சாமான் இறக்கும் இடம், லாரி வழி, சைட் ஆபீஸ் மூன்றையும் நீங்களே வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். பின்னால் சாலையோ வண்டி நிறுத்தமோ வரப்போகிற இடத்தில் குறியுங்கள். அங்கே மண் இறுகினால் நல்லதுதான். மேல்மண்ணை எடுத்து வைக்க வேண்டி வந்தால், வண்டி ஏறாத மூலையில், சுமார் 2 மீட்டருக்கு மேல் உயராமல் குவிக்கச் சொல்லுங்கள். மிக உயர்ந்த குவியலின் நடுவில் காற்று போகாது, மண் கெட்டுவிடும்.

ஈரத்தைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. களிமண் கலந்த நிலமாக இருந்தால் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திரி போல உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மெலிந்த பிறகும் உடையாமல் நீண்டுகொண்டே போனால், அன்றைக்கு அந்த மண்ணை அள்ளவோ அதன் மேல் இயந்திரம் ஏற்றவோ கூடாது. உதிர்ந்துவிட்டால் வேலை செய்யலாம்.

இதையெல்லாம் வாய்வார்த்தையாகச் சொன்னால் நடக்காது, டெண்டரிலேயே எழுத வேண்டும். புல் பதிக்கும் முன் சோதனைக் குழிகள் வெட்டிக் காட்ட வேண்டும், குழியில் ஊற்றிய நீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்து கொடுக்க வேண்டும், இரண்டும் சரியாக இருந்தால்தான் பணம் என்று எழுதுங்கள். புல் மூடிய பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

வட்டம் போட்டுத் தூரம் அளப்பது

காம்பஸை ஊன்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் திடல் அருகில் இருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். குழந்தை வட்டத்தின் ஆரத்தில் நடப்பதில்லை, தெருவில் நடக்கிறது. பிரிட்டனில் 1925இல் தொடங்கிய தேசிய விளையாட்டுத் திடல்கள் சங்கம் (இன்றைக்கு அதன் பெயர் ஃபீல்ட்ஸ் இன் டிரஸ்ட்) இதற்கு நல்ல கணக்கு வைத்திருக்கிறது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான இடம் 100 மீட்டர் நடையில், தனியாக வெளியே போகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு 400 மீட்டர் நடையில், பெரிய பிள்ளைகளுக்கு 1000 மீட்டர் நடையில் இருக்க வேண்டும். நேர்க்கோட்டில் அளந்தால் இவை 60, 240, 600 மீட்டர்தான். இடையில் பரபரப்பான சாலை ஒன்று குறுக்கிட்டால் 60 மீட்டரும் தூரம்தான்.

கோட்டோடு கோர்ட்டை முடிப்பது

வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர், அதாவது 162 சதுர மீட்டர். நாலு பக்கமும் 3 மீட்டர் காலி இடம் விட்டால் 24க்கு 15, மொத்தம் 360 ஆகிவிடும். இரு மடங்குக்கும் மேல். கூடைப்பந்துக்கு 28க்கு 15. சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்தால் 32க்கு 19. வேகமாக ஓடிவரும் பிள்ளை கோட்டில் வந்து நிற்காது. அந்தக் காலி இடத்தில் விளக்குக் கம்பத்தையும் மதிலையும் வைத்த வரைபடங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

திசை

திடலோ கோர்ட்டோ, நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கட்டும். மாலை வெயில் கண்ணில் அடிக்கக் கூடாது.

கம்பிவேலிக் கோர்ட் ஒன்று போட்டால் எல்லோருக்கும் போதும் என்பது

போதாது. நடைமுறையில் அது பெரிய பையன்களின் இடமாகிவிடும். வியன்னா நகரம் 1990களில் தன் பூங்காக்களைக் கவனித்துப் பார்த்தபோது, ஒன்பது வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் அங்கே வருவது வெகுவாகக் குறைவது தெரிந்தது. பையன்களின் வரவு குறையவில்லை. 1999இல் நகரின் ஐந்தாம் வட்டத்தில் இருந்த இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். ஒரே பெரிய வெளியைச் செடிகொடிகளால் பல சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், நடைபாதை போட்டார்கள், வாலிபாலுக்கும் பேட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். நிலத்தின் அளவு கூடவில்லை, அதைப் பிரித்த விதம்தான் மாறியது.

அப்படியும் கம்பிவேலிக் கோர்ட் போடுவதானால் குறைந்தது இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் இருந்து, அங்கே நாலு பேர் நின்றுவிட்டால் மற்றவர்கள் உள்ளே வரத் தயங்குவார்கள், உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே வர வழி இருக்காது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் பந்தடி

பந்து வேலியில் மோதும் ஓசை இரவில் நெடுந்தூரம் கேட்கும். பெரிய பிள்ளைகளின் இடத்துக்கும் வீட்டுக்கும் இடையே 30 மீட்டராவது விடச் சொல்கிறது அதே பிரிட்டன் சங்கத்தின் வழிகாட்டி. விடாவிட்டால் புகார் வரும், கோர்ட்டைத்தான் பூட்டுவார்கள்.

ரப்பர் தளம் போட்டாயிற்று, போதும் என்பது

எந்த உயரத்திலிருந்து விழுவதற்கு அந்த ரப்பர் சோதிக்கப்பட்டது என்று கேளுங்கள். விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1176 விழும் உயரத்தை அதிகபட்சம் 3 மீட்டர் என்று நிறுத்துகிறது. 1.5 மீட்டர் உயரம் வரை, சாதனத்தைச் சுற்றி 1.5 மீட்டராவது மெத்தென்ற தளம் வேண்டும். உயரம் கூடக்கூட இந்த அகலமும் கூடும்.

பராமரிப்பு

யார், எந்தப் பணத்தில்? பதில் எழுத்தில் இல்லாவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள்.

திடலைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுவது

முதலில் சொன்ன கோளாறுக்கும் இதுதான் வேர். கடைசியில் வரப்போகிற இடம் என்பதால்தான் அது கிடங்காகிறது. முதல் கட்டத்தில் ஐந்து வயதில் குடிவந்த குழந்தை, திடல் திறக்கும்போது பதின்வயதைத் தொட்டிருக்கும். அதற்குள் எதிரே குடிவந்தவர்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துப் பழகிவிடுவார்கள். “இங்கே சத்தம் வேண்டாம்” என்று மனு எழுதுவார்கள். வீடு வாங்கும் முன்பே திடல் அங்கே இருந்திருந்தால் பெரும்பாலும் அந்த மனு வந்திருக்காது.

முதல் வீட்டின் சாவியைக் கொடுக்கும்போதே சிறு குழந்தைகளுக்கான இடமாவது திறந்திருக்க வேண்டும். பெரிய திடலுக்கு, எத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும்போது அது திறக்கும் என்ற எண்ணை அனுமதியின் நிபந்தனையிலேயே எழுதி வாங்குங்கள். விதைத்த புல் விளையாட்டைத் தாங்க ஒரு முழு வளர்பருவமாவது வேண்டும் என்பதால், அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் மண்வேலை தொடங்கும் மாதத்தை முடிவு செய்ய வேண்டும்.