எச்பிவி தடுப்பூசி: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

எச்பிவி தடுப்பூசி என்றாலே நம் வீடுகளில் ஒரு தயக்கம் வந்துவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி என்று சொன்னால் தலையாட்டுவார்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்ற வைரஸ் கிருமி உடலுறவு வழியாகப் பரவுகிறது என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிடும். "பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இப்ப எதுக்கு? கல்யாணம் பேசும்போது பார்த்துக்கலாம்" என்று பாட்டியும் சொல்வார், நன்றாகப் படித்த அப்பாவும் சொல்வார். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

இந்த ஊசி ஏற்கெனவே வந்த தொற்றை விரட்டாது, புதிதாக வராமல் தடுக்கும், அவ்வளவுதான். அதனால் கிருமி உடலுக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சின்ன வயதில் எதிர்ப்புச் சக்தியும் நன்றாக உருவாகும். 9 முதல் 14 வயதுக்குள் ஆரம்பித்தால் 2 ஊசி போதும், 15 ஆகிவிட்டால் 3 ஊசி என்று வைத்திருப்பது அதனால்தான். பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹெபடைட்டிஸ் பி கிருமியும்தான் உடலுறவு வழியாகப் பரவுகிறது. அதற்கான ஊசியைப் பிறந்த குழந்தைக்கே போடுகிறோமே, யாராவது முகம் சுளிக்கிறோமா?

சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை 1 மாணவிகளுக்குப் பள்ளியிலேயே இந்த ஊசியைப் போடுகிறார்கள். சிங்கப்பூர்க் குடிமகள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்டு வரும் கடிதம் பையின் அடியில் கசங்கிக் கிடந்தாலோ, "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டாலோ வாய்ப்பு நழுவிவிடும். இரண்டாவது ஊசி மறு ஆண்டுதான் என்பதால் மறந்துபோவதும் உண்டு. அன்றைக்குக் காய்ச்சல் என்று மகள் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். சரி, விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மிச்சத்தைப் போட்டால் போதும். சிங்பாஸ் வழியாக ஹெல்த்ஹப் செயலியில் நுழைந்தால் எத்தனை ஊசி பதிவாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அவசரப்பட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் போடுவதும் தவறு. 2 ஊசி முறையில் இடையில் 5 மாதமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவதும் தேவைப்படும்.

ஊசி போடும் நாளில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டதும் தலைசுற்றி மயக்கம் வருவது சகஜம். மருந்தைவிடப் பயம்தான் பெரும்பாலும் காரணம். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் போதும். கை வலிக்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஊசியில் உயிருள்ள கிருமி இல்லாததால் அதன் மூலம் தொற்று வராது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'குழந்தை பிறக்காது' கதைக்கும் ஆதாரம் இல்லை. கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் பிரசவம் வரை தள்ளிப்போட வேண்டும்.

பள்ளிப் பருவம் தாண்டியவர்கள் வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூரில் 26 வயது வரை பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தையும் பயன்படுத்தலாம். பையன்களுக்கு இதில் வேலையே இல்லை என்று நினைப்பதும் சரியல்ல. தொண்டைப் புற்றுநோய், ஆண்குறிப் புற்றுநோய் போன்றவற்றுக்கும் எச்பிவி காரணமாகிறது. மகனுக்கும் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

"அதான் ஊசி போட்டாச்சே" என்று பரிசோதனையை விடுவதுதான் அடுத்த பெரிய தவறு. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம் எச்பிவியின் 16, 18 ஆகிய இரண்டு வகைகள். பள்ளித் திட்டத்தில் பயன்படுத்திவந்த செர்வாரிக்ஸ் என்ற எச்பிவி ஊசி குறிவைப்பது அந்த இரண்டைத்தான். மற்ற வகைகளும் இருக்கின்றனவே! உடலுறவு அனுபவம் உள்ள பெண்கள் 25 முதல் 29 வயது வரை 3 ஆண்டுக்கு ஒருமுறை, கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பேப் பரிசோதனையும், 30 வயதிலிருந்து 5 ஆண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். மகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் அம்மாக்களில் பலர் தாங்கள் இந்தப் பரிசோதனைப் பக்கமே போனதில்லை. கூச்சம்தான் காரணம் என்றால், பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு செய்யும்போதே பெண் மருத்துவரோ தாதியோ கிடைப்பாரா என்று கேட்டுப் பார்க்கலாம்.